பறங்கியர் ஊரில் எட்டு நாட்கள்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் காலையில் எழுந்து, யன்னலைத் திறந்து, துவாயினால் முகத்தைத் துடைத்து, விறாந்தையிலுள்ள கதிரையில் அமர்ந்து, குசினியிலிருந்து வரும் பாணையும் கோப்பையில் வரும் தேநீரையும் மேசைமீது வைத்து அருந்தி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவாராயின், வாசலைத் தாண்டுமுன் ஒன்பது போர்த்துக்கேயச் சொற்களைத் தொட்டுவிட்டார் என்பது பொருள். இச் சொற்களை எமக்குத் தந்தவர்கள் யாழ்ப்பாணத்தை நேரே ஆண்டது 1619 முதல் 1658 வரை, அதாவது 39 ஆண்டுகள் மாத்திரமே. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட காலம் இருந்தனர். இருந்தும், கந்தோர், லாச்சி என்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றையே வீட்டுக்குள் விட்டுச் சென்றனர். பறங்கியர் மாத்திரம் எமது குசினிக்குள் எவ்வாறு புகுந்தனர்? அரசைப் பறித்தவர்களின் சொல் அடுப்படியிலே உறவினர்போல் உட்கார்ந்திருப்பது எப்படி?

இக் கேள்வி எம் இல்லத்திலே நெடுங்காலமாக இருந்துவருவது. நாம் வடபகுதிப் பாடசாலைகளிற் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றோம். துணைவியார் மனையியல் ஆசிரியையாக இருந்தவர். ஆகவே ஒரே பறங்கியரை நாம் கோட்டைப் பக்கத்திலிருந்தும் அவர் அடுப்புப் பக்கத்திலிருந்தும் பார்த்து வந்தோம். 2024 ஏப்பிரில் மாதத்திலே பாரிஸ் நகரிலுள்ள மகளிடஞ் சென்றிருந்தபோது, அங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்திற்குள் லிஸ்பன் போய்விடலாம் என்று அறிந்தோம். எட்டு நாட்கள் என்று முடிவு செய்தோம்.

லிஸ்பன், தேஜோ ஆறு கடலொடு கலக்குமிடத்திலே குன்றுகளின்மேல் எழுந்த நகரம். ஆறு என்று சொன்னோமாயினும், நகரின் எதிரே அது ஏரிபோல் அகன்று கிடக்கின்றது. வீதிகளின் ஓரங்களில் வெண்சுண்ணக் கல்லும் கருங்கல்லும் சிறு சிறு துண்டுகளாய்ப் பதித்து, அலைபோலவும் கொடிபோலவும் கோலமிட்டிருக்கின்றனர். காலுக்கு அழகு, முழங்காலுக்குப் பகை. மழைத் தூறல் விழுந்ததும் அக் கற்கள் பாசி படர்ந்த கேணிப்படிபோல் வழுக்கும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் அங்கு செல்வதாயின் நல்ல சப்பாத்து வேண்டும் என்பது எமது முதற் புத்திமதி. அதைச் சப்பாத்து என்றே கேட்டு வாங்கலாம். அவர்கள் 'ஸபாத்து' என்கின்றனர்.

முதல் நாட் காலையிலேயே இது தொடங்கிவிட்டது. விடுதிக்கு அடுத்த வீதியில் வெதுப்பகம் ஒன்றின் கண்ணாடியிலே எழுதியிருந்ததைத் துணைவியார் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, பாண் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!"

"மெல்லக் கதையும். ஊரார் பார்க்கினம்."

"பார்த்தால் என்ன? அவையின்ரை சொல்லைத்தானே சொல்லுறன்."

அன்று மாலைக்குள் அவர் கைப்பையிலிருந்த சிறு கொப்பியிலே ஒரு பட்டியல் வளர்ந்துவிட்டது. தளவாடக் கடையிலே கதிரை, மேசை, அலுமாரி. துணிக்கடையிலே துவாயும், நம் பாட்டிமார் இடுப்பிற் செருகியிருந்த லேஞ்சியும். பழக்கடையிலே அன்னாசியும் பப்பாசியும். உணவுச்சாலையிலே கோப்பையும், அதன் கீழ் வைக்கும் பீரிசும். இரும்புக் கடையொன்றின் வாசலிலே சாத்தியிருந்த அலவாங்கைக் கண்டபோதுதான் நாமும் அசந்துபோனோம். தென்னங்கன்று நடக் குழி தோண்டும் அந்த அலவாங்கிற்கு அவ்வூரிலும் ஏறக்குறைய அதே பெயர். எழுத்தில் ஒத்திருப்பது காதில் எப்போதும் ஒத்திருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். லிஸ்பன் மக்கள் சொல்லின் வாலை விழுங்கி, எஞ்சியதை மூக்காற் பேசுவர். பாண் என்பது அவர்கள் வாயிலே 'பௌங்' என்று மணியோசைபோல் ஒலிக்கின்றது. குசினியை நாமே அவர்களைவிடத் தெளிவாய்ச் சொல்கிறோம்.

நகரின் நடுப்பகுதியைப் பாய்ஷா என்பர். தாழ்ந்த இடம் என்பது பொருள். அங்கே வீதிகள் கோடு கிழித்தாற்போல் நேராக ஓடுகின்றன. பொன் வீதி, வெள்ளி வீதி, சப்பாத்துத் தைப்போர் வீதி என்று தொழிலுக்கொரு வீதியாகப் பெயரிட்டிருக்கின்றனர். இந்த ஒழுங்கெல்லாம் ஓர் அழிவிலிருந்து பிறந்தது. 1755 நவம்பர் 1ஆந் திகதி, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குப் பின், ஊரார் தேவாலயங்களிற் கூடி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்த வேளை, பூமி நடுங்கிற்று. கூரைகள் விழுந்தன. திரிகளின் நெருப்புத் திரைச்சீலைகளைப் பற்றிற்று. தப்பியவர்கள் வெளியான இடந் தேடி ஆற்றங்கரை முற்றவெளிக்கு ஓடினர். அங்கு நின்றவர்கள் ஆற்று நீர் உள்வாங்குவதைக் கண்டனர். பின்பு அது திரும்பி வந்தது.

அந்த முற்றவெளியிலே நாம் நின்றபோது துணைவியார் நெடுநேரம் பேசவில்லை. சுனாமி என்ற சொல்லை 1755இல் அவர்கள் கேட்டதில்லை. 2004 டிசெம்பர் 26 வரை எம்மவரிலும் எத்தனை பேர் கேட்டிருந்தோம்? நீர் வற்றியதைப் பார்க்கக் கரைக்கு ஓடிய பிள்ளைகளின் கதை முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் சொல்லப்படுவது. அதே கதை இங்கும்.

நகரை மீளக் கட்டியவர் பொம்பால் என்று பிற்காலத்திற் பெயர்பெற்ற மந்திரி. அவர் காலத்துப் பொறியியலாளர் சுவர்களுக்குள்ளே மரச் சட்டத்தாற் கூடு செய்து வைத்தனர். நிலம் ஆடினாலும் வீடு கலையாதிருக்கவேண்டுமென்பது நோக்கம். மாதிரிக் கூட்டைச் சோதிப்பதற்குப் படைவீரரைச் சுற்றிலும் அணிவகுத்து மிதிக்கச் செய்தனராம். ஒவ்வொரு பங்கிற்கும் கேள்விப் பத்திரம் அனுப்பி, நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கிணற்று நீர் என்னவாயிற்று என்றெல்லாம் விசாரித்து எழுதுவித்தவரும் பொம்பாலே. எதிரிகளை இரக்கமின்றி ஒறுத்த மனிதர் அவர்; ஆயினும் அக் கேள்விப் பத்திரத்திற்காக அவரை ஓரளவு மன்னிக்கலாம் என்பது எமது கட்சி.

ஆற்றங்கரையிலே முன்பு அரச மாளிகையும், கீழைத்தேச வாணிபத்தைக் கணக்கு வைத்த இந்திய மாளிகையும் இருந்தன. இரண்டும் அன்றே போயின. எமது நாட்டுக்கும் அக் கரைக்கும் ஒரு பழந் தொடர்பு உண்டு. 1540களின் தொடக்கத்திலே கோட்டை அரசன் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனின் பொன்னுருவத்தைத் தூதர் கையிற் கொடுத்துப் போர்த்துக்கலுக்கு அனுப்பினான். மூன்றாம் ஜோவான் மன்னன் அந்தப் பொற்பாவைக்கு முடி சூட்டினான். கடலுக்கு அப்பாலுள்ள சிறுவனுக்கு இங்கே பாவை மூலம் பட்டாபிஷேகம்! பாவைக்குச் சூட்டிய முடிக்கு விலை பிறகு கொடுக்கப்பட்டது. வளர்ந்து ஞானஸ்நானம் பெற்ற தர்மபாலன் 1580இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்தான். லிஸ்பனிலே ஓட்டு ஓவியங்களுக்கென ஒரு நூதனசாலை உண்டு. அங்கே நிலநடுக்கத்திற்கு முந்திய நகரம் முழுவதையும் நீல வெள்ளை ஓடுகளில் வரைந்த, ஏறத்தாழ 23 மீற்றர் நீளமான காட்சியொன்று இருக்கின்றது. அதிலே அந்த மாளிகையைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஆற்றிலே பாய்விரித்த கலங்கள் மொய்த்து நிற்கின்றன. அதன்முன் அரை மணி நேரம் நின்றோம்.

மேட்டிலே உள்ள அல்பாமா என்ற பகுதி நடுக்கத்திலே பெரும்பாலும் தப்பியது. ஆகையால் அங்கு பழைய அராபியர் காலத்து முடுக்குகள் அப்படியே இருக்கின்றன. பறங்கியர் கோட்டைக்குப் போனது போல என்று ஒரு பழமொழி எம் நாட்டில் வழங்குவதை நேயர்கள் அறிவர். 1505இல் கொழும்புத் துறையில் இறங்கிய பறங்கித் தூதரை, அண்மையிலிருந்த கோட்டைக்கு நேரே கூட்டிச் செல்லாமல், காடும் மேடுமாய் மூன்று நாட்கள் சுற்றிக் காட்டியதாகக் கதை. அல்பாமாவிலே அக் கடனை வட்டியோடு பெற்றுக்கொண்டோம். படி ஏறி, படி இறங்கி, உலர்த்திய துணிகளின் கீழே குனிந்து நாற்பது நிமிடம் நடந்து, புறப்பட்ட அதே நீர்க்குழாயடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கதிரை போட்டிருந்த முதியவர் ஒருவர், எம்மை இரண்டாம் முறை கண்டு தொப்பியைத் தொட்டு வணங்கினார்.

மஞ்சள் நிற டிராம் வண்டிகள் அம் முடுக்குகளிடையே சுவரை உரசாத குறையாகச் செல்கின்றன. இருபத்தெட்டாம் இலக்க வண்டிக்கு உல்லாசப் பிரயாணிகள் வரிசையாய்க் காத்து நிற்பர். 1960 வரை கொழும்பிலே டிராம் ஓடியதைப் பெற்றார் சொல்லக் கேட்டிருக்கிறோமன்றி நாம் ஏறியதில்லை. இவ் வண்டியிலே ஏறி, யன்னலோரம் இடம் பிடித்து, ஒரு முறை போய் ஒரு முறை வந்தோம். மலைச் சரிவிலே கம்பியால் இழுக்கப்படும் குளோரியா என்ற வண்டியிலும் ஏறினோம். 2025 செப்டெம்பர் 3ஆந் திகதி அவ் வண்டி கட்டறுந்து உருண்டு 16 பேர் மாண்டனர். பத்திரிகையிலே படத்தைப் பார்த்த துணைவியார், தாம் அமர்ந்திருந்த மரப் பலகையை எண்ணிப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமையைப் பெலேம் பகுதிக்கென்று ஒதுக்கினோம். கப்பல்கள் புறப்பட்ட துறை அது. அங்கே ஜெரோனிமோஸ் மடம் நிற்கின்றது. மனுவேல் மன்னன் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டத் தொடங்கி, ஏறக்குறைய நூறாண்டு வேலை நடந்த கட்டடம். ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத்தேசத்திலிருந்தும் வந்த பண்டங்களின் மதிப்பில் இருபதிலொரு பங்கை வரியாக வாங்கி இதிற் கொட்டினர். மிளகுக் காசு என்றே அதற்குப் பெயர். சுண்ணக்கல்லிலே கப்பற் கயிறும், முடிச்சும், பவளக் கொடியும், அந்நிய நாட்டு இலையுமாகச் செதுக்கியிருக்கின்றனர். தூண்கள் பனைமரம்போல் நிமிர்ந்து உச்சியில் ஓலை விரிப்பது போற் கிளைக்கின்றன. அழகில்லை என்று சொல்ல நா எழவில்லை. சொல்லத்தான் விரும்பிப் போயிருந்தோம்.

உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறையும், அவர் யாத்திரையைக் காவியமாகப் பாடிய கமோயிஸ் என்னுங் கவிஞருக்கான கல்லறையும் வாயிலின் இரு மருங்கிலும் உள்ளன. 1572இல் வெளிவந்த அக் காவியத்தின் முதற் பாட்டிலேயே எம் தீவின் பழம் பெயரான தப்ரபேன் வருகின்றது. அதற்கும் அப்பாற் சென்ற வீரர் என்று புகழ்வதற்காக எம்மை ஓர் எல்லைக்கல்லாக நட்டிருக்கிறார். பீடத்தின் பக்கத்திலே அரசர்களின் கல்லறைகள். அவற்றைத் தாங்கி நிற்பவை சலவைக்கல் யானைகள்! மனுவேலையும் ஜோவானையும் நூற்றாண்டுக் கணக்காக முதுகிற் சுமந்துகொண்டு அவை நிற்கின்றன. வன்னிக் காட்டு யானைகளைப் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விற்ற வாணிபம் எமது சரித்திரத்திலே பெரியது. அரசனும் விற்றான், பறங்கியரும் விற்றனர். நாம் அதைச் சொல்லத் தொடங்குமுன் துணைவியார், "பாவம், இதுகளுக்கு ஆரும் தண்ணி வைக்கிறேல்லைப் போல" என்றார்.

மடத்திற்கு அருகே 1837 முதல் ஒரு கடையிலே முட்டைப்பாகு நிறைத்த சிறு அப்பங்களைச் சுட்டு விற்கின்றனர். மேலே கறுவாத்தூள் தூவி உண்பது வழக்கம். கறுவாத் தூளிருந்த சிறு குப்பியைக் கையிலெடுத்து மோந்து பார்த்துவிட்டு, மனையியல் ஆசிரியை தாராளமாகவே தூவினார். இரண்டு உண்பதாகச் சென்று ஆறு உண்டோம். அக் கறுவாவுக்காக எத்தனை உயிர் மாண்டது என்று நாம் சரித்திரம் எடுத்தோம். நல்லூரிலே கந்தசுவாமி கோவிலை 1621இல் இடித்த தளபதி பிலிப் த ஒலிவேராவையும் இழுத்தோம்.

"சரி, கோவிலை இடிச்சவன்தான். அந்தக் கோவில் மடப்பள்ளியிலை இண்டைக்குப் போடுற செத்தல் மிளகாய் ஆர் கொண்டு வந்தது?"

இதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று. மிளகாய் அமெரிக்காவிலே பிறந்த பயிர். பறங்கிக் கப்பல்களே அதைக் கீழைக் கடற்கரைகளுக்குக் கொணர்ந்தன. மிளகைக் கொண்டு போனவர்கள் மிளகாயை விட்டுச் சென்றனர். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் அவர்களுக்கு முன்பு எந்த நிறத்தில் இருந்திருக்கும்? துணைவியார் ஏழாவது அப்பத்தைப் பாதியாகப் பிய்த்தார்.

சற்றே தள்ளி ஆற்றோரத்திலே கப்பலின் முன்பக்கம் போன்ற பெரிய நினைவுச் சின்னம் ஒன்று நிற்கின்றது. 1940இற் பொருட்காட்சிக்காகத் தற்காலிகமாய் எழுப்பி, 1960இற் கல்லும் கொங்கிறீற்றுமாக நிலைக்கச் செய்தது. ஹென்றி இளவரசன் முன்னே நிற்க, பின்னே மாலுமிகள், படைத்தலைவர், குருமார், கவிஞர் என்று வரிசை. ஆக 33 பேர். 33 பேரிலே ஒரே ஒரு பெண், அவளும் இளவரசனின் தாய், என்று எண்ணிச் சொன்னவர் துணைவியார். அவ் வரிசையிலே புனித சவேரியாரும் உளர். அவரைக் கண்டபோது மன்னார் நினைவு வந்தது. சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற அறுநூறு பேரளவிலான மன்னார் மக்களை 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் கொல்வித்தான். பாடசாலையிலே அப் பாடத்தை நாம் விரைந்து கடந்துவிடாமல் நிதானமாகவே கற்பித்து வந்தோம். கணக்கு எழுதுவதாயின் வரவும் செலவும் எழுதவேண்டும்.

சின்னத்தின் முன்னுள்ள தரையிலே பல நிறக் கற்களால் உலகப் படம் பதித்து, கப்பல்கள் சென்ற இடங்களையும் ஆண்டுகளையும் குறித்திருக்கின்றனர். பிள்ளைகள் அதன்மேல் ஓடிப் பிடித்து விளையாடினர். இந்தியாவின் தெற்கு முனைக்கருகே, எம் தீவு இருக்கவேண்டிய இடத்திலே துணைவியார் போய் நின்றார். அவர் செருப்பு அதை முழுதாய் மூடிற்று.

நாம் அங்கிருந்த வியாழக்கிழமை ஏப்பிரில் 25. 1974ஆம் ஆண்டு அதே நாளில் இளநிலைப் படை அதிகாரிகள் எழுந்து, அரை நூற்றாண்டுக்கு அண்மித்த சர்வாதிகாரத்தை ஒரே நாளிற் கவிழ்த்தனர். உணவுச்சாலையொன்றிலே வேலை செய்த செலஸ்தே கயேய்ரோ என்ற பெண்மணி, அன்றைய கொண்டாட்டம் நின்றுபோனதால் வீணாகவிருந்த கார்னேஷன் மலர்களை வழியிலே நின்ற சிப்பாய்களுக்குக் கொடுத்தார். அவர்கள் துவக்குக் குழல்களிலே செருகிக்கொண்டனர். படம் உலகெங்கும் போயிற்று. இரகசியப் பொலிசார் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் இறந்தனர் என்பதையும் அப் படத்தின் அழகிலே மறந்துவிடக் கூடாது. ஆபிரிக்காவிலே அவர்கள் நடத்திய யுத்தங்கள் அத்துடன் முடிவுக்கு வந்தன; பேரரசும் முடிந்தது. செலஸ்தே அம்மையார் 2024 நவம்பரில் தமது 91ஆம் வயதிற் காலமானார்.

ஐம்பதாவது ஆண்டாகையால் லிபர்தாத் பெருவீதி நிறைந்து வழிந்தது. பேரப்பிள்ளைகளைத் தோளிலே சுமந்த கிழவர்கள், கையிற் செம்மலருடன் மகளிர், பாட்டு. வெள்ளைத் தலைமுடியுடைய ஒரு பெண்மணி எம்மிருவரையும் பார்த்து, ஒன்றுங் கேளாமலே துணைவியாரிடம் ஒரு மலரை நீட்டினார். அதன் பெயர் என்ன என்று சைகையாற் கேட்டதற்கு, 'கிராவு' என்றார். விடுதிக்குத் திரும்பி அகராதியைப் பார்த்தோம். அம் மொழியிலே இம் மலருக்கும் கராம்புக்கும் பெயர் ஒன்றே.

அந்த வாரம் அவ்வூர்ப் பத்திரிகைகளிலே இன்னொரு விஷயமும் அடிபட்டது. அன்றைய ஜனாதிபதி மார்செலோ ரெபேலோ த சோசா, 23ஆந் திகதி இரவு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுடன் உரையாடுகையில், குடியேற்ற நாடுகளில் இழைத்த கொடுமைகளுக்குப் போர்த்துக்கல் பொறுப்பேற்க வேண்டும், அதற்கான செலவையுங் கொடுக்கவேண்டும் என்ற கருத்துப்பட மொழிந்துவிட்டார். நாம் பெலேமிலே கறுவா பற்றி வாதாடிய அதே நாள்! விடுதியிலே காலை உணவு பரிமாறிய இளைஞனிடம் இதுபற்றிக் கேட்டோம். ஆங்கிலம் நன்றாகப் பேசுபவன். "என் பாட்டன் அங்கோலாவுக்குப் பதினெட்டு வயதிலே பிடித்து அனுப்பப்பட்டவர், அவருக்கு யார் கொடுப்பது?" என்றான். பின்பு, "ஆனாலும் அவர் சொன்னது சரி" என்று சொல்லி, கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போனான். சனிக்கிழமை அரசாங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அத்தகைய திட்டம் எதுவும் இல்லை என்பது அதன் சாரம்.

எமக்கு என்ன தரவேண்டும் என்று இரவிலே இருவரும் கணக்குப் பார்த்தோம். சங்கிலி மன்னனைக் கோவாவிலே வெட்டியதற்கு என்ன விலை? காசு வந்தாலும் யார் கையில் வாங்குவது? பேச்சு எங்கெங்கோ போய், எமக்கு உண்மையாகவே வேண்டியது ஒன்றுதான் என்ற இடத்துக்கு வந்து நின்றது. அது தோம்பு.

தோம்பு என்றால் என்ன என்று இக்காலத்து இளைஞருக்குச் சொல்லவேண்டும். ஊர் ஊராகக் காணிகளையும் உடையவரையும் அவர் செலுத்தவேண்டிய இறையையும் பதிந்த இடாப்பு அது. பறங்கியர் தொடக்கி வைத்தனர், ஒல்லாந்தர் விரித்தனர். இன்றும் வடபகுதிக் காணி உறுதிகளிலே தோம்பிற் பதிந்த பெயர் அடிபடும். பறித்தவன் எழுதிய கணக்கேயாயினும், எம் பாட்டன் பூட்டனின் ஊரும் வளவும் எழுத்திலே நின்றது அதில்தான். 1995 ஒக்தோபர் இறுதியிலே யாழ்ப்பாணம் முழுதும் ஒரே இரவிற் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, எமது உறுதிப் பெட்டியும் போயிற்று. அதன் பின்பு ஓர் எல்லை வேலிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்தோம். கையிலே கடதாசி இல்லாதவனுக்குக் காணி கனவு.

போர்த்துக்கலின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தோர்ரே தோ தொம்பு என்று பெயர். தமிழிலே சொல்வதாயின், தோம்புக் கோபுரம்! 14ஆம் நூற்றாண்டு முதல் லிஸ்பன் கோட்டையிலுள்ள ஒரு கோபுரத்திலே ஆவணங்கள் இருந்தமையால் வந்த பெயர். 1755இலே அக் கோபுரமும் இடிந்து விழுந்தது. ஆவணக் காப்பாளராயிருந்த மனுவேல் த மாயா என்பவருக்கு அப்போது வயது 78. ஊர் எரிந்துகொண்டிருக்க, உறவினரைத் தேடி ஊரார் கதற, அக் கிழவர் இடிபாட்டினுள்ளிருந்து கட்டுக் கட்டாகக் கடதாசிகளை மீட்டு, முற்றத்திலே மரக்கொட்டில் போடுவித்து, அதனுள் அடுக்கினார். பின்பு அவை ஒரு மடத்துக்குச் சென்று, 1990 முதல் பல்கலைக்கழகப் பகுதியிலே புதிய மாளிகையில் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை நாம் அங்கு போனோம். உல்லாசப் பிரயாணிகள் யாரும் அவ்விடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. யன்னல் குறைந்த, கோட்டைபோன்ற கொங்கிறீற்றுக் கட்டடம். உச்சியிலே எட்டுப் பூதவுருவங்கள் காவல். மாணவர்கள் போய் வந்துகொண்டிருந்தனர். நாம் ஆராய்ச்சியாளரல்ல, வாசிகசாலைக்குள் புகுந்து ஒன்றைக் கேட்டு வாங்கும் மொழியும் எம்மிடமில்லை. போர்த்துக்கல் நாட்டு ஆவணங்களைக் கொண்டு 1645ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து ஆட்சியைப் பற்றிப் பி. ஈ. பீரிஸ் அவர்கள் 1920இல் வெளியிட்ட நூலின் பிரதியொன்று எம்மிடம் இருந்தது. அது இந்நாட்டவர் ஒருவர் செய்த பெரும் பணி. அந்த நூலிலே எம் பகுதிப் பெயர்களைப் பறங்கி எழுத்துக் கூட்டலிலே கண்டு மகிழ்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. மண்டபத்துப் படியிலே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தபோது உள்ளே போன தொண்ணூற்றேழாயிரம் நூல்களை எண்ணினோம். அங்கே மரக்கொட்டில் போட எவருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. துணைவியார் எழுந்து, வாயிலுக்கு மேலிருந்த எழுத்துக்களைக் கமராவிற் படம் எடுத்தார். "தம்பிக்கு அனுப்புவம். வேலி வழக்கு நடந்தபோது அவனெல்லோ அலைஞ்சவன்" என்றார்.

பாது என்னும் இசையைக் கேளாமல் லிஸ்பன் பயணம் முழுமையடையாது என்பர். அன்றிரவு ஒரு சிறு உணவுச்சாலையிலே கேட்டோம். கறுப்புச் சால்வை போர்த்திய பெண் கண்களை மூடிப் பாடினாள். பன்னிரண்டு தந்தி கொண்ட கிதாரை ஒருவர் மீட்டினார். சொல் விளங்கவில்லையாயினும் ஏதோ போய்விட்டது என்பது விளங்கிற்று. எமது நாட்டு பைலாவும் அவர்கள் வழி வந்ததே என்று எண்ணும்போது வியப்பாயிருந்தது. இவர்கள் துக்கத்தைத் தாம் வைத்துக்கொண்டு துள்ளலை மாத்திரம் எமக்கு அனுப்பினர் போலும்.

மறுநாள் சனிக்கிழமை. செவ்வாயும் சனியும் சாந்த கிளாரா மேட்டிலே பழைய பொருட் சந்தை கூடும். திருடியின் சந்தை என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். உடைந்த ஓடு, பழைய தபால் முத்திரை, போனோர் வீட்டுப் படங்கள், சாவிக் கொத்துக்கள். நாம் பழைய கடற்படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க, துணைவியார் ஒரு கிழவியின் முன்னே குந்திவிட்டார். நிலத்திலே விரித்த சேலைத் துண்டின்மேல் இரு கைபிடியுள்ள செப்புப் பாத்திரம்; உள்ளே ஈயம் பூசி, அடியிலே கரி படிந்தது.

"தாச்சி" என்றார் துணைவியார், அதைத் தொட்டு.

"தாஷு" என்றாள் கிழவி, தலையை ஆட்டி.

விலை பேச்சு விரலால் நடந்தது. பதினைந்து யூரோ என்றாள், ஒன்பதிலே முடிந்தது. பத்துக் கொடுத்தபோது மிச்சத்துக்குப் பதிலாக இரண்டு அகப்பையை எடுத்து வைத்தாள். எமது கடற்படம் கிடைக்கவில்லை.

விமான நிலையத்திலே பெட்டியின் நிறை கூடிவிட்டது. நாம் இரண்டு மேற்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அணிந்துகொண்டு ஏறினோம். பாரிஸிலே பெட்டியைத் திறந்த மகள், துணிகளுக்கு நடுவே இருந்ததைக் கண்டு திகைத்துப்போனாள்.

"அம்மா, ஊரிலை தாச்சி இல்லையே?"

"இருக்கு. இது அதின்ரை பாட்டி" என்று சொல்லிவிட்டு, துணைவியார் புளி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.